குளச்சல் உப்புக் காற்றில் பாடி மவுண்ட் போயிற்று: லிஃப்ட் செய்த பிக்கப்பை என்ன செய்யலாம்?

குளச்சல்_பிக்கப் · ஜூன் 3, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2015 மாடல் டபுள் கேப் பிக்கப், டீசல், டிஎன் 74. கம்பெனி பெயரைச் சொன்னால் இழை அந்தச் சண்டையிலேயே முடிந்துவிடும், அதனால் வேண்டாம். 2019-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வாங்கும்போதே பழைய ஓனர் பெரிய டயர் மாட்டி, 2 இஞ்ச் தூக்கி வைத்திருந்தார். எடுப்பாக இருந்தது, நானும் மயங்கிவிட்டேன்.

வண்டிக்கு இரண்டு வேலை. காலையில் துறைமுகத்திலிருந்து மீன் பெட்டி. வாரத்தில் ஒரு நாள் பேச்சிப்பாறைக்கு மேலே மாமனாரின் ரப்பர் தோட்டம்.

மூன்று மாதமாக ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் சீட்டுக்கு அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். ஷாக் அப்சார்பர் மாற்றினேன், லீஃப் புஷ் மாற்றினேன், பால் ஜாயின்ட் மாற்றினேன். பணம் போயிற்று, சத்தம் போகவில்லை. அப்புறம் இடது பின் கதவு, கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் பூட்டுகிறது. கேபினுக்கும் லோடு பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி வலது பக்கம் மூன்று விரல், இடது பக்கம் ஒன்றரை விரல்.

நேற்று அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கேபினைச் சேசிஸ் மேல், அதாவது அடிச்சட்டத்தின் மேல், ரப்பர் வைத்துப் போல்ட்டால் பிடிக்கிற இடம்தான் பாடி மவுண்ட். இடது பின் மவுண்டின் பிராக்கெட்டில் ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். உள்ளே போய்விட்டது. குத்தினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, சாய்த்து வைத்ததோடு சரி.

இங்கே மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். விசைப்படகு போகாது, எனக்கும் ஓட்டம் குறைவு. அதற்குள் முடித்தாக வேண்டும். ஒரு பட்டறையில் காட்டியதற்கு, மேலே ஒரு பிளேட்டை ஒட்டி, கறுப்பு அண்டர்கோட் அடித்து மதியத்துக்குள் தந்துவிடுகிறேன் என்றார். செய்யலாமா?

தக்கலை_டிங்கர் · ஜூன் 3, இரவு 10.15

மதியத்துக்குள் முடிகிற வேலையா இது தம்பி? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் முடியும். துரு தின்ற தகட்டின்மேல் புதுத் தகட்டை வைத்தால் வெல்டு பிடிக்க நல்ல இரும்பு எங்கே இருக்கிறது? இரண்டுக்கும் நடுவில் ஈரம் தங்கும். அதன்மேல் கறுப்புக் கோட் அடித்தால் அந்த ஈரம் வெளியே வரவும் வழியில்லை. அடுத்த தடைக்காலத்துக்கு இதே இழையில் வந்து நிற்பீர்கள்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். தூக்கியது சஸ்பென்ஷனிலா, பாடியிலா? டயருக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளியை வைத்துச் சொல்ல முடியாது, இரண்டிலும் கூடும். பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். சேசிஸுக்கும் கேபின் தரைக்கும் நடுவில் வழக்கத்தைவிட அதிகமாக வெளிச்சம் தெரிந்தால் பாடி லிஃப்ட்.

துபாய்_மக்கா · ஜூன் 3, இரவு 11.02

மக்கா, எதுக்கு இவ்வளவு யோசனை? மவுண்ட் ரப்பருக்குப் பதிலா பாலியூரித்தேன் புஷ் செட் சிவப்புக் கலரில் நல்லது கிடைக்குது. ஆகஸ்டில் ஊருக்கு வரும்போது கொண்டுவரவா?

தக்கலை_டிங்கர் · ஜூன் 3, இரவு 11.10

புஷ்ஷை எதன்மேல் வைப்பாராம்? பிராக்கெட்டே இல்லையே வேய்.

குளச்சல்_பிக்கப் · ஜூன் 4, மாலை 6.20

அண்ணே, பாடி லிஃப்ட்தான். படம் போட்டிருக்கிறேன், மூன்றாவது படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள்.

ரப்பருக்கும் கேபினுக்கும் நடுவில் இருப்பது ஜிஐ பைப். ஆமாம், வீட்டுக்குத் தண்ணீர் இழுக்கிற அதே பைப். 2 இஞ்ச் துண்டுகளாக அறுத்து, மேலும் கீழும் ஒவ்வொரு வாஷர் கொடுத்து, நீளப் போல்ட்டைப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். கேபினுக்கு மொத்தம் எட்டு மவுண்ட், எட்டிலும் இதே கதை. ஐந்து வருஷத்துக்கு மேலாக நான் இந்தக் குழாய்த் துண்டுகளின் மேல்தான் பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன்.

இடது பின் துண்டில் ஒரு பொத்தல். அதில் கட்டுக்கம்பியை விட்டுக் கிண்டினேன். கறுப்பாகச் சேறு மாதிரி ஒன்று வந்தது. மோந்து பார்த்தேன். கருவாடு.

தக்கலை_டிங்கர் · ஜூன் 4, இரவு 8.05

அந்தக் கருவாட்டில் எல்லாம் இருக்கிறது. நான் சொல்வதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்: பின் நாலு மவுண்டுதான் ரொம்ப மோசம், முன் நாலு அவ்வளவு இல்லை. சரியா?

ஐஸ் உருகி மீன் பெட்டியிலிருந்து தண்ணீர் வடியும். நீங்கள் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அது லோடு பாடியின் முன்பக்கத்துக்கு ஓடும். அங்கே உள்ள மடிப்புகள் வழியாக இறங்கி நேரே கேபினின் பின் மவுண்ட் மேல்தான் விழும். கம்பெனி ரப்பராக இருந்தால் தண்ணீர் வழிந்து போய்விடும். இங்கே பைப் இருக்கிறது. அடியில் வாஷர், சுற்றிலும் சுவர், நடுவில் போல்ட். டம்ளர்தான் அது. ஊற்ற ஊற்றப் பிடித்து வைத்துக்கொண்டது.

உப்பு காய்ந்தாலும் விடாது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே தண்ணீர் இழுத்துக் கசியும். சமையலறை உப்பு ஜாடியில் பார்த்திருப்பீர்கள். குளச்சலில் ராத்திரி ஈரப்பதம் அதற்குக் கீழே எத்தனை நாள் இறங்கும்? மழை பெய்யாத நாளிலும் அந்தப் பைப்புக்குள் ஈரம்தான்.

இன்னொன்று. நீளப் போல்ட் என்றால் நெம்புகோலும் நீளம். வளைவில் கேபின் பக்கவாட்டில் தள்ளுகிற விசை 2 இஞ்ச் மேலிருந்து பிராக்கெட்டைப் பிடித்து ஆட்டும். துரு பாதி தின்றது, ஆட்டம் மீதியை முடித்தது.

குளச்சல்_பிக்கப் · ஜூன் 4, இரவு 8.31

முன் நாலு பரவாயில்லை அண்ணே. சுத்தியலால் தட்டினால் 'ணங்' என்கிறது. பின்னால் தட்டினால் 'தொப்'.

கோட்டாறு_குமாஸ்தா · ஜூன் 5, காலை 7.15

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் 182ஏ வந்தபிறகு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ ஓனருக்கு உண்டு. மாற்றியது பழைய ஓனர் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் வழியில் நிறுத்தும்போது ஸ்டியரிங் உங்கள் கையில்தானே இருக்கும்? சரக்கு வண்டி, எட்டு வருஷமும் தாண்டிவிட்டது, இனி வருஷா வருஷம் எஃப்சி (தகுதிச் சான்று) வேறு. ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அந்தப் பைப்பைத்தான். வெல்டு வைக்கிற செலவோடு லிஃப்டையும் இறக்கிவிடுங்கள்.

குளச்சல்_பிக்கப் · ஜூன் 5, காலை 9.50

சார், சொல்வது புரிகிறது. ஆனால் தோட்டத்துப் பாதையில் கல்லும் குழியும். தரை இடைவெளி எனக்குக் கட்டாயம் வேண்டும்.

குலசேகரம்_ரப்பர் · ஜூன் 5, மதியம் 1.10

தம்பி, அந்தப் பாதையில்தான் நானும் தினம் போகிறேன், தூக்காத ஜீப்பில். ஒரு டேப்பை எடுத்து, பின் ஆக்ஸில் நடுவில் உள்ள உருண்டைக்கு அடியில் தரை வரைக்கும் அளந்து பாரும். அப்புறம் பேசலாம்.

தக்கலை_டிங்கர் · ஜூன் 5, மதியம் 2.25

அவர் சுற்றி வளைத்துச் சொன்னதை நேராகச் சொல்கிறேன். பாடி லிஃப்டில் தரை இடைவெளி ஒரு நூல்கூடக் கூடாது. சேசிஸ், கியர்பாக்ஸ், அவர் அளக்கச் சொன்ன உருண்டையான டிஃபரன்ஷியல் எல்லாம் இருந்த உயரத்திலேயே இருக்கும். கேபின் மட்டும்தான் மேலே போகும். பெரிய டயர் ஃபெண்டரில் உரசாமல் சுற்ற இடம் கிடைக்கும், ஆதாயம் அவ்வளவுதான். உயரம் தருவது டயர். இப்போது என்ன டயர் போட்டிருக்கிறீர்கள்?

குளச்சல்_பிக்கப் · ஜூன் 5, மாலை 4.40

கம்பெனி சைஸ்.

2021-ல் பழைய பெரிய டயர் தேய்ந்தபோது, விலை பார்த்து கம்பெனி சைஸுக்கே மாறிவிட்டேன்.

துபாய்_மக்கா · ஜூன் 5, மாலை 4.52

அப்போ 2021-ல் இருந்து அந்தப் பைப் எட்டும் மீன் தண்ணி பிடிக்க மட்டும்தான் வேலை பார்த்திருக்கு 😂

குளச்சல்_பிக்கப் · ஜூன் 5, மாலை 5.05

சிரியும் வேய், சிரியும். லிஃப்டை இறக்கிவிடுகிறேன். தக்கலை அண்ணே, வேலையை எப்படித் தொடங்குவது என்று சொல்லுங்கள். என் மச்சான் குளச்சலில் படகு வெல்டிங் செய்கிறான், மிக் மெஷின் (கம்பி தானாக வருகிற வெல்டிங் மெஷின்) இருக்கிறது. தடைக்காலத்தில் அவனும் சும்மாதான் இருக்கிறான்.

தக்கலை_டிங்கர் · ஜூன் 5, இரவு 9.30

படகு வெல்டர் என்றால் நல்லது, உப்பின் குணம் அவருக்குத் தெரியும். நிதானமாகப் படியுங்கள்.

இன்றே எட்டுப் போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் விடத் தொடங்குங்கள். காலை மாலை, ஒரு வாரம். நூலில் மட்டும் விட்டால் போதாது. போல்ட் பெரும்பாலும் பிடித்திருப்பது நட்டில் இருக்காது, ரப்பருக்குள் இருக்கிற இரும்புக் குழலில் இருக்கும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் வெல்டிங் பக்கம் போகக் கூடாது. எர்த் கிளாம்பை வெல்டு வைக்கிற இடத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் மாட்டுங்கள். கேபின் தரைவிரிப்பு, சீட், அடியில் உள்ள ஸ்பாஞ்ச் எல்லாம் வெளியே. டீசல் குழாய், பிரேக் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

கேபினைத் தூக்கும்போது ஒரு பக்கம் மட்டும். மறுபக்கப் போல்ட்டைத் தளர்த்துங்கள், ஆனால் கழற்ற வேண்டாம். அது கீல் மாதிரி நிற்கும். ஜாக்கிக்கும் கேபினுக்கும் நடுவில் அகலமான பலகை வேண்டும், இல்லையென்றால் தரையில் குழி விழும். ஒரு இஞ்ச் தூக்கியதும் நிறுத்தி ஸ்டியரிங் ஜாயின்ட், ரேடியேட்டர் ஹோஸ், கியர் லிவர், வயர் கட்டு, எர்த் பட்டை எல்லாவற்றையும் பாருங்கள். எங்காவது இழுத்தால் மேலே போகாதீர்கள். மரக்கட்டை கொடுக்காமல் நடுவில் கைவிரலை விடாதீர்கள். ஜாக்கியை நம்பி விரலை இழந்தவர் ஒருவர் எங்கள் பட்டறையிலேயே இருக்கிறார்.

பிராக்கெட்டை 'ணங்' வருகிற இரும்பு வரைக்கும் வெட்டி எடுக்க வேண்டும். ஓரத்தில் காகிதம் மாதிரி மெலிந்திருந்தால் இன்னும் உள்ளே போங்கள். எவ்வளவு வெட்டுவது என்று மனசு தயங்கும், தயங்காதீர்கள்.

முட்டம்_பாட்டா · ஜூன் 6, காலை 5.45

பிள்ளைகளா, எங்கள் காலத்தில் வள்ளத்துக்கு அண்டி எண்ணெய் அடிப்போம். மரத்தை உப்பும் புழுவும் தொடாது. சேசிஸுக்கும் அதை அடித்தால் என்ன? அப்புறம் போல்ட்டெல்லாம் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடுங்கள், படகில் அதுதான் துருப்பிடிக்காமல் நிற்கிறது.

குலசேகரம்_ரப்பர் · ஜூன் 6, காலை 8.20

பாட்டா, கொல்லாங்கொட்டைத் தோட்டு எண்ணெய் மரத்துக்கு நல்லதாக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தோலில் பட்டால் பொள்ளும், அடியில் மல்லாந்து படுத்து அடித்தால் முகத்தில் சொட்டும். அதைவிட, எண்ணெய் பொதுவாக இயற்கை ரப்பருக்கு ஆகாது. ஊறிப் பருத்து, பிசுபிசுத்து, பலம் போய்விடும். டீசல் கசிவு பட்ட புஷ்ஷைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பழைய அல்வா மாதிரி இருக்கும்.

புஷ் பற்றி நானே சொல்லிவிடுகிறேன், பால் வெட்டுகிறவனுக்கு அந்த உரிமை உண்டு. பாலியூரித்தேன் எண்ணெயைத் தாங்கும், கெட்டியாகவும் நிற்கும். ஆனால் ரோட்டின் அதிர்வை அப்படியே கேபினுக்குள் அனுப்பும், காய்ந்தால் கீச்சிடும். மீன் பெட்டி ஏற்றுகிற வண்டிக்குக் கம்பெனி ரப்பரே போதும். வாங்கும்போது நடுவில் உள்ள இரும்புக் குழல் சேர்ந்து வருகிறதா என்று பாரும். போல்ட்டை முறுக்கும்போது பாரம் அந்தக் குழலில் போய் நிற்க வேண்டும். குழல் இல்லாவிட்டால் முறுக்க முறுக்க ரப்பர் அப்பளமாகிவிடும், ஆறு மாதத்தில் மறுபடி 'டொக்'.

தக்கலை_டிங்கர் · ஜூன் 6, காலை 10.00

எஸ்எஸ் போல்ட் பற்றி. பாட்டா சொல்வதில் ஆசை வருவது இயல்புதான். ஆனால் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 எஸ்எஸ் போல்ட்டின் இழுவிசை பலம் 700 மெகாபாஸ்கல். தலையில் 10.9 என்று போட்ட போல்ட்டுக்கு 1,000-க்கு மேல். கேபினைப் பிடிக்கிற இடத்தில் இந்த வித்தியாசம் சின்னது இல்லை. எஸ்எஸ் நூலோடு நூல் கடித்து இறுகிப்போகும் பழக்கமும் உண்டு. அதோடு உப்புத் தண்ணீரில் எஸ்எஸ்ஸும் சாதா இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிக்கப்படுவது சாதா இரும்புதான். போல்ட் பளபளவென்று இருக்கும், பிராக்கெட் போய்விடும். பழைய போல்ட் தலையில் என்ன எண் இருக்கிறதோ அதே எண், அதே நீளம். லிஃப்ட் இறக்குவதால் கம்பெனி நீளம்தான் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

குளச்சல்_பிக்கப் · ஜூன் 19, இரவு 10.40

மழை இரண்டு நாள் விட்டது, வேலையைத் தொடங்கினோம். எண்ணெய் விட்டு இரண்டு வாரம் ஆகிறது. முன் நாலு போல்ட்டும் நீளக் குழாய் மாட்டி இழுத்ததும் கிறீச்சென்று வந்துவிட்டது. பின்னால் வலது பக்கம் ஒன்று தலை ஒடிந்தது. அது பரவாயில்லை.

இடது பின் மவுண்ட்தான் எங்களைப் பார்த்துச் சிரித்தது. போல்ட்டைத் திருப்பினால் திரும்புகிறது. சந்தோஷமாகத் திருப்பிக்கொண்டே இருந்தேன். பத்துச் சுற்று, இருபது சுற்று. இறங்கவே இல்லை. மச்சான் கேபினுக்குள் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அத்தான், சவம் நட்டும் கூடவே சுத்துது" என்றான். கேபின் தரைக்குள்ளே ஒரு பெட்டி மாதிரி அறை, அதற்குள் வெல்டு வைத்த நட். அந்த வெல்டும் துருவில் போய்விட்டது. மேலே பார்த்தால் மூடின தகடு, கீழே பார்த்தால் சுற்றுகிற போல்ட். பிடிக்க ஒன்றும் இல்லை. இப்போது என்ன செய்ய?

தக்கலை_டிங்கர் · ஜூன் 19, இரவு 11.20

மேலிருந்து திறக்க வேண்டியதுதான். நட் எங்கே இருக்கிறது என்று அடியிலிருந்து அளந்து, கேபின் தரையில் குறியுங்கள். சன்னமான கட்டிங் வீலால் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நாலாவது பக்கத்தை மடக்கித் திறங்கள், ஜன்னல் கதவு மாதிரி. நட்டை ரிங் ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு கீழே கழற்றலாம். புது நட்டை ஒரு 4 மி.மீ. பிளேட்டில் வெல்டு வைத்து உள்ளே இறக்குங்கள், அந்தப் பிளேட் நாலு பக்கமும் அறைச் சுவரில் முட்டி நின்றால் இனி சுற்றாது. பிறகு கதவை மடக்கி மூடி, புள்ளி புள்ளியாக மிக் வெல்டு. ஒரேயடியாக ஓட்டினால் தரைத் தகடு நெளிந்துவிடும். அது ஒரு மி.மீ.கூட இருக்காது, ஆர்க் ராடு வைத்தால் பொத்தல்தான்.

குளச்சல்_பிக்கப் · ஜூன் 27, இரவு 9.15

நட் வந்துவிட்டது. படம் போட்டிருக்கிறேன், நட் என்று நான் சொன்னால்தான் தெரியும். கருப்பட்டித் துண்டு மாதிரி இருக்கிறது.

இடது பக்கம் கேபினை ஒன்றரை இஞ்ச் தூக்கி, வேப்பமரக் கட்டை கொடுத்தோம். பைப்புகள் எட்டும் வெளியே. பின் இரண்டு பிராக்கெட்டையும் வெட்டி எடுத்தாயிற்று. கையில் எடுத்து அமுக்கினால் அடுக்கு அடுக்காக உரிகிறது. மேலே பெயின்ட், அதன் கீழே கறுப்புக் கோட், அதன் கீழே இன்னொரு பெயின்ட், அதன் கீழே இரும்பு என்று ஒன்றுமே இல்லை. அந்தக் கறுப்புக் கோட் மட்டும் புத்தம் புதிதாக, ரப்பர் மாதிரி வளைகிறது. பழைய ஓனரும் யாரிடமோ மதியத்துக்குள் முடித்து வாங்கியிருக்கிறார் போல.

அண்ணே, ஒரு நல்ல செய்தி. சேசிஸ் நீளச் சட்டத்தைப் பந்துமண்டைச் சுத்தியலால் ஒரு முழத்துக்கு மேலும் கீழும் தட்டிப் பார்த்தோம். எல்லா இடமும் 'ணங்'. பிராக்கெட் போனதோடு தப்பித்தேன்.

நல்லதாக நின்ற வலது முன் பிராக்கெட்டில் அரிசிச் சாக்கு அட்டையை வைத்து மச்சான் அளவெடுத்தான். அட்டையை வளைத்து, கத்தரித்து, கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி இடது பின்னுக்கு வைத்துப் பார்த்தான், பொருந்தவில்லை. பின் பிராக்கெட்டின் சாய்வு வேறு. அதன்பிறகு வெட்டின மிச்சத்தை ஜிக்சா மாதிரி தரையில் அடுக்கி, அதன்மேல் அட்டையை வைத்து வரைந்தான். பாதி ராத்திரி ஆகிவிட்டது. தங்கச்சி சாப்பாடு எடுத்து வைத்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் படுத்துவிட்டாள்.

தக்கலை_டிங்கர் · ஜூன் 28, காலை 6.40

அட்டைக்குச் செலவழித்த நேரம் வீண் போகாது. வெல்டு வைக்குமுன் இரண்டு விஷயம். புது பிராக்கெட்டைப் புள்ளி வைத்து மட்டும் நிறுத்தி, கேபினை இறக்கி, போல்ட் கையாலேயே உள்ளே போகிறதா என்று பாருங்கள். கதவு இடைவெளியையும் பாருங்கள். அப்புறம்தான் முழு வெல்டு. வெல்டு வைத்தபிறகு 5 மி.மீ. தள்ளியிருந்தால் அழக்கூட முடியாது.

இரண்டாவது, சேசிஸ் சட்டத்தின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் வெல்டு கொண்டுபோக வேண்டாம். பாரம் வாங்குவது அந்த ஓரங்கள்தான், விரிசல் அங்கேதான் தொடங்கும். பக்கச் சுவரில் மட்டும் பிடியுங்கள். மச்சான் ஆர்க் ராடு எடுப்பதாக இருந்தால் இந்த மழையில் பிரித்து வைத்த பாக்கெட்டைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள், 7018 ராடு ஈரம் இழுத்தால் வெல்டுக்குள் ஓட்டை விழும்.

குலசேகரம்_ரப்பர் · ஜூன் 28, காலை 9.05

எனக்கு ஒரு சந்தேகம். வாராவாரம் வண்டியைக் கழுவுகிற ஆள் நீர். படத்திலேயே பாடி பளபளவென்று இருக்கிறது. கழுவியும் இவ்வளவு துரு எப்படி? எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்?

குளச்சல்_பிக்கப் · ஜூன் 28, காலை 9.30

வீட்டு போர் தண்ணீர்தான். மோட்டார் போட்டு அடிவரைக்கும் அடிப்பேன்.

குலசேகரம்_ரப்பர் · ஜூன் 28, காலை 9.34

அதைக் குடிப்பீரா?

குளச்சல்_பிக்கப் · ஜூன் 28, காலை 9.41

கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் இரண்டு தெருதான். குடிக்கக் குழாய்த் தண்ணீர். போர் தண்ணீரில் சோப்பே நுரைக்காது, கரிக்கும்…

அட.

துபாய்_மக்கா · ஜூன் 28, காலை 9.50

வாராவாரம் மோட்டார் போட்டு உப்பு ஏத்தியிருக்கான் 😭

தக்கலை_டிங்கர் · ஜூன் 28, மதியம் 12.15

சிரிக்க வேண்டாம், கடற்கரையில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். தக்கலை, திங்கள்சந்தை பக்கம் வரும்போது நல்ல தண்ணீர் உள்ள வாட்டர் சர்வீஸில் அடியை மட்டும் அடித்துக்கொண்டு போங்கள். பாடிக்கு வேண்டுமானால் உங்கள் போர் தண்ணீரே இருக்கட்டும், அடிக்கு வேண்டாம்.

குளச்சல்_பிக்கப் · ஜூலை 16, இரவு 8.50

வேலை முடிந்தது. நீளமாக எழுத நேரம் இல்லை, கேட்டவர்களுக்காக மட்டும்.

பின் நாலு மவுண்டில் இரண்டுக்கு முழுப் பிராக்கெட்டும் புதுசு, 4 மி.மீ. தகடு. இரண்டுக்கு ஓரம் மட்டும் வெட்டி மாற்றினோம். வெல்டு ஆறியதும் கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டு, ஜிங்க் பிரைமர் இரண்டு கை, மேலே பெயின்ட். கறுப்புக் கோட் கிடையாது. பெட்டி மாதிரி மூடின இடங்களுக்குள் மட்டும் மெழுகு ஸ்பிரே, அதுவும் ரப்பர் மாட்டுவதற்கு முன்னால். குலசேகரம் அண்ணன் திட்டுவார் என்ற பயத்தில் ரப்பரில் படாமல் துணி சுற்றிக்கொண்டோம்.

எட்டு ரப்பரும் கம்பெனிது, குழலோடு. போல்ட் எட்டும் புதுசு, 10.9, பழைய நீளம். ஸ்டியரிங்கில் பழைய ஓனர் சேர்த்திருந்த நீட்டிப்புத் துண்டையும் எடுத்துவிட்டோம். அதையும் யாரோ லேத்தில் கடைந்து வெல்டு வைத்திருக்கிறார்கள். அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் உடம்பு நடுங்கியது, பிராக்கெட்டைப் பார்த்து வராத நடுக்கம். மலைப்பாதையில் அதை நம்பி இறங்கியிருக்கிறேன். கம்பெனி ஷாஃப்ட் போட்டு, அலைன்மென்ட் பார்த்தாயிற்று.

சாமான் செலவு 19,000-ஐத் தாண்டியது, அதில் ஸ்டியரிங் ஷாஃப்ட்தான் பாதி. கூலிக்கு மச்சான் காசு வாங்கவில்லை. ஆகஸ்டில் முதலில் வருகிற கணவாய் மீனில் நல்லதாக ஒரு பெட்டி கொடுக்க வேண்டுமாம்.

இடைவெளி இரண்டு பக்கமும் இரண்டேகால் விரல். கதவு ஒரு தட்டில் மூடுகிறது. பையன் வந்து பார்த்துவிட்டு, "வண்டி ஏன்பா குட்டையாப் போச்சு?" என்றான்.

கோட்டாறு_குமாஸ்தா · ஜூலை 17, காலை 7.30

பையனிடம் எஃப்சி கிடைத்துவிடும் என்று சொல்லுங்கள்.

முட்டம்_பாட்டா · ஜூலை 17, காலை 8.10

கணவாய்க்கு இங்கேயும் ஆள் உண்டு.

குளச்சல்_பிக்கப் · ஆகஸ்ட் 9, இரவு 9.20

தடை முடிந்து ஒரு வாரம் ஓட்டியாயிற்று. சத்தம் இல்லை. பாட்டா, பெட்டி வந்து சேர்ந்ததா?

தக்கலை அண்ணே, ஒரு கேள்வி. நேற்று லோடு இறக்கியபிறகு அடியில் பார்த்தேன். ஐஸ் தண்ணீர் இப்போதும் அதே இடத்தில்தான் விழுகிறது. ரப்பர்மேல் தங்காமல் வழிந்துவிடுகிறது, ஆனால் புது பிராக்கெட்டின் உள் மூலையில் ஒரு ஸ்பூன் அளவு நிற்கிறது. அங்கே வடிய ஒரு துளை போட்டால் பிராக்கெட் பலம் குறையுமா?

தக்கலை_டிங்கர் · ஆகஸ்ட் 9, இரவு 9.55

குறையாது. பழைய பிராக்கெட்டிலும் அந்தத் துளை இருந்திருக்கும், கறுப்புக் கோட்டில் அடைந்து போயிருக்கும். அட்டை வெட்டும்போது நான் சொல்லியிருக்க வேண்டும், என் தவறுதான். மூலையின் மிகத் தாழ்வான இடத்தில், வெல்டில் இருந்து ஒரு விரல் தள்ளிப் போடுங்கள்.

குளச்சல்_பிக்கப் · ஆகஸ்ட் 9, இரவு 10.01

6 மி.மீ. போதுமா, 8-ஆ?

தக்கலை_டிங்கர் · ஆகஸ்ட் 9, இரவு 10.04

8. 6 போட்டால் மீன் செதில் அடைத்துக்கொள்ளும். பிசிறை ராவிவிட்டு உள் ஓரத்தில் பிரைமர் தொட்டு வையுங்கள்.